பிணம் எழுப்புகிறவன் எந்த ரேஸில் பிறக்க வேண்டும்?

டைஸ் உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் நெக்ரோமேன்சர், அதாவது பிணம் எழுப்பும் மந்திரவாதி, ஆட ஆசைப்படுகிறவர்கள் முதலில் தேடுவது, அதற்கு எந்த ரேஸ் (மனிதன், எல்ஃப் மாதிரி இனம்) நல்லது என்பதைத்தான். தேடினால் வண்ணம் பூசிய கையேடுகள் வரிசையாக வந்து நிற்கும். வான நீலம் என்றால் யோசிக்காமல் எடு, நீலம் என்றால் நல்லது, கறுப்பு சுமார், சிவப்பு என்றால் பக்கமே போகாதே. அவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எல்லாமே இன்டெலிஜென்ஸ் (மந்திரத்துக்கு ஆதாரமான புத்திப் புள்ளி) எவ்வளவு கூடும், கூட ஒரு ஃபீட் (தனித்திறன்) கிடைக்குமா என்பதிலிருந்துதான் கணக்கை ஆரம்பிக்கின்றன. ஒன்றரை வருஷத்துக்கும் மேலான ஞாயிற்றுக்கிழமை இரவுகள், பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிய புத்தகச் செலவு, ஒரு நல்ல நட்பில் விழுந்த கீறல் எல்லாவற்றையும் கடந்து வந்த பிறகு சொல்கிறேன்: அந்த ஒரு பாயின்ட் இன்டெலிஜென்ஸ் குறைந்ததால் எனக்கு எதுவும் ஆகவில்லை. என்னைக் கவிழ்த்தவை வேறு விஷயங்கள். அவற்றை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால்தான் இது.

நாங்கள் ஆடுவது ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள். களம் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற கற்பனை உலகம். டிஎம், அதாவது கதையை நடத்துகிறவன், என் கல்லூரி நண்பன், கூட ஆடுகிறவர்கள் மூன்று பேர். எல்லாக் கையேடுகளும் ஒரே குரலில் பாடிய வேரியன்ட் ஹ்யூமனைத்தான் நானும் முதலில் எடுத்தேன். இரண்டு எபிலிட்டிக்கு ஒவ்வொரு பாயின்ட், ஒரு ஸ்கில், முதல் லெவலிலேயே ஒரு ஃபீட். இன்டெலிஜென்ஸ் 16, கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) 14, ஃபீட் வார் காஸ்டர். காகிதத்தில் பார்க்க அத்தனை அழகாக இருந்தது. கதையும் பொருந்தியது. ரெல்ம்ஸில் தே என்றொரு நாடு உண்டு. செந்நிற அங்கி போட்ட மந்திரவாதிகள் ஆளும் நாடு, அதன் உச்சியில் ஸஸ் டாம் என்ற லிச், அதாவது செத்தும் சாகாத மந்திரவாதி, உட்கார்ந்திருக்கிறான். அங்கிருந்து ஓடிவந்த ஒரு மாணவன் என்று என் ஆளுக்குப் பின்கதை எழுதினேன். டிஎம் படித்துவிட்டு, "சூப்பர் மச்சி, ஆனா ஊருக்குள்ள நீ எங்கேர்ந்து வரேன்னு மட்டும் வாய் தவறிச் சொல்லிடாத" என்றான். அந்த எச்சரிக்கையின் கனம் எனக்கு அப்போது உறைக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நெக்ரோமேன்சர் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் முதல் நான்கு லெவலுக்கு உங்களிடம் ஒரு பிணம்கூட இருக்காது. பிணம் எழுப்பும் அனிமேட் டெட் மூன்றாம் லெவல் மந்திரம் (மந்திரத்தின் லெவல் வேறு, ஆளின் லெவல் வேறு), விஸார்டுக்கு (நெக்ரோமேன்சர் அதில் ஒரு பிரிவு) அது ஐந்தாம் லெவலில்தான் கைக்கு வரும். அதற்கு 6,500 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வேண்டும். இரண்டாம் லெவலில் கிடைக்கும் க்ரிம் ஹார்வெஸ்ட், மந்திரத்தால் எதையாவது கொன்றால் கொஞ்சம் உயிர் திரும்பத் தரும், அவ்வளவுதான். எங்களைப் போல வாரம் ஒரு முறை, அதுவும் யாருக்காவது கல்யாணம், யாருக்காவது டெட்லைன் என்று பாதி வாரம் தள்ளிப்போகும் கூட்டத்தில் அந்த நான்கு லெவலைக் கடக்க மாதக்கணக்கில் ஆகும். ரேஸ் தேர்ந்தெடுக்கும்போது நாம் மனக்கண்ணில் பார்ப்பது எலும்புக்கூட்டுப் படைக்கு நடுவே நிற்கும் ஆளை. ஆடப்போவதோ மாதக்கணக்கில் தனியாக நிற்கும், தொட்டால் விழும் ஒரு விஸார்டை. அந்த ஆளுக்கு எது உதவும் என்று பாருங்கள். படை வந்த பிறகு படை பார்த்துக்கொள்ளும்.

மனிதனின் முதல் தொல்லை இருட்டு. எங்கள் கூட்டத்தில் பதுங்கிப் போகிற ரோக் ஒரு எல்ஃப், சண்டைக்காரனான ஃபைட்டர் ஒரு ட்வார்ஃப், பூசாரியான க்ளெரிக் ஹாஃப்-எல்ஃப். மூவருக்கும் 60 அடிக்கு டார்க்விஷன், அதாவது இருட்டில் பார்க்கும் கண், உண்டு, எனக்கு மட்டும் இல்லை. நெக்ரோமேன்சருக்கு வேலை இருக்கும் இடங்களோ கல்லறை, சுரங்கம், பாழடைந்த கோயிலின் அடித்தளம். முதல் லெவலில் கிடைக்கும் மூன்று கேன்ட்ரிப்பில் (செலவில்லாத சின்ன மந்திரங்களில்) ஒன்று லைட்டுக்கே போனது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் கூட்டத்தில் எனக்கு ஒருவனுக்காகத்தான் வெளிச்சம். கரகாட்டத்துக்கு முன்னால் பெட்ரோமாக்ஸ் தூக்கிப் போகிறவன் மாதிரி நடப்பேன். ரோக் பதுங்கிப் போகலாம் என்பான், என் கைத்தடி நுனி எரிந்துகொண்டிருக்கும். அணைத்தால் குருடு, அணைக்காவிட்டால் எதிரே இருக்கும் எல்லோருக்கும் நாங்கள் வருவது தெரியும். பின்னாளில் எலும்புக்கூடுகள் வந்தபோது பார்த்தேன், அவற்றுக்கும் 60 அடி டார்க்விஷன் இருக்கிறது. மனிதனாகவே தொடர்ந்திருந்தால் என் சொந்தப் பிணங்களுக்கு நடுவிலும் நான் ஒருவன்தான் விளக்கோடு நின்றிருப்பேன்.

சாவு அப்படித்தான் வந்தது. நான்காம் லெவல், ஐந்தைத் தொட இன்னும் கொஞ்சம் எக்ஸ்பிதான் பாக்கி. ஒரு நிலவறைக்குள் மூன்று கூல்கள், அதாவது பிணம் தின்னிகள், வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்தன. கூலின் நகம் பட்டால் கான்ஸ்டிட்யூஷன் சேவ், அதாவது தப்பிக்க ஒரு டைஸ், போட வேண்டும், 10 வந்தால் போதும். என் டைஸில் 5 விழுந்தது, கான்ஸ்டிட்யூஷனுக்கான 2ஐக் கூட்டினால் 7. உடம்பு அப்படியே உறைந்தது. இந்த விளையாட்டில் உறைந்தவனை ஐந்தடிக்குள் நின்று அடித்தால் படுகிற ஒவ்வொரு அடியும் க்ரிட்டிகல், சேத டைஸ் இரட்டிப்பு. என்னிடம் இருந்தது 26 ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி). முதல் கடியிலேயே பாதிக்கு மேல் போனது, இரண்டாவது கடியில் பூஜ்யம். விழுந்து கிடப்பவனைக் கடித்தால் டெத் சேவில் (சாவா பிழைப்பா என்று உருட்டுவது, மூன்று தோற்றால் சாவு) ஒரே அடியில் இரண்டு தோல்வி. என் முறை வந்தபோது டைஸை உருட்டினேன், 4. முடிந்தது கதை. இதில் எரிச்சல் என்னவென்றால், அதற்கு முந்தைய சுற்றில் அதே நகம் எங்கள் ரோக்கின் மேலும் பட்டிருந்தது. டிஎம் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "நீ எல்ஃப்தானே? உனக்கு ஒண்ணும் ஆகாது" என்று கடந்துபோனான். கூலின் நகம் எல்ஃபை உறைய வைக்காது. எதிரிகளின் விவரம் இருக்கும் மான்ஸ்டர் மேனுவலில் ஒரே ஒரு வரி. கல்லறைகளிலேயே குடியிருக்கப்போகிற கேரக்டருக்கு அதைவிட முக்கியமான வரி கிடையாது. நான் படித்த ரேஸ் கையேடுகளில் அது கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் அது ரேஸ் பக்கத்தில் இல்லை, எதிரியின் பக்கத்தில் இருக்கிறது.

அதனால் நெக்ரோமேன்சருக்கு ரேஸ் பார்ப்பவர்கள் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். தாக்கப்போவது யார், எதைக் கொண்டு தாக்குவார்கள் என்பதைப் பின்னோக்கிப் படியுங்கள். எல்ஃபுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. நாலு மணி நேரத் தியானம் மனிதனின் எட்டு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம். அனிமேட் டெட்டில் எழுப்பிய பிணம் 24 மணி நேரம்தான் சொல்பேச்சு கேட்கும், அதற்குள் மறுபடி மந்திரம் போட்டுக் கட்டுப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும். நாலு மணி நேரத்திலேயே லாங் ரெஸ்ட் (மந்திரங்கள் திரும்பக் கிடைக்கும் நீண்ட ஓய்வு) முடிந்துவிடும் என்று உங்கள் டிஎம் ஒப்புக்கொண்டால், கெடு நெருங்கும் ராத்திரிகளில் அது பெரிய நிம்மதி.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து தூக்கம் வரவில்லை. "பேப்பர்ல எழுதின பேருதானே?" என்று வீட்டில் கேட்டார்கள். பேப்பரில் எழுதின பேர்தான். ஆனால் மாதக்கணக்கில் ஒவ்வொரு வாரமும் அந்தப் பேரில் பேசியிருக்கிறேன், அவன் எழுப்பப்போகும் முதல் எலும்புக்கூட்டுக்குப் பெயர்கூட வைத்திருந்தேன். அந்த நாளுக்காக முன்கூட்டியே வாங்கிய எலும்புக்கூட்டு மினியேச்சர் பெட்டி, இரண்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம், சீல் உடைக்காமல் அலமாரியில் இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குக் கோபம் வந்தது.

இரண்டாவது கேரக்டருக்கு நேர் எதிர்த் திசையில் போனேன். எல்ஃபாக இருக்க வேண்டும், இருட்டில் பார்க்க வேண்டும், சாவோடு சம்பந்தம் இருக்க வேண்டும். அதற்கு ஷடார்-காய் மாதிரி ஒன்று உண்டா? நிழல் உலகத்தில் வாழும் எல்ஃபுகள், ரேவன் குவீன் என்ற மரண தேவதையின் ஊழியர்கள், நெக்ராட்டிக் (உயிரை உறிஞ்சும் மந்திர) சேதத்துக்கு எதிர்ப்பு, நாளைக்கு ஒரு தடவை 30 அடி டெலிபோர்ட். 2018இல் வந்த மார்டன்கைனன்ஸ் டோம் ஆஃப் ஃபோஸ் புத்தகத்தில் இருந்தது. அந்த ஒரு ரேஸுக்காக மூவாயிரத்து சொச்சம் கொடுத்து அந்தப் புத்தகத்தை வாங்கினேன். அதில் வரும் +2 டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு), +1 கான்ஸ்டிட்யூஷன் விஸார்டுக்கு அத்தனை தோதில்லை. 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் விதிப்படி அந்தப் பாயின்ட்டுகளை இன்டெலிஜென்ஸுக்கு மாற்றிக்கொள்ள டிஎம் விட்டான். ஐந்தாம் லெவலிலேயே ஆரம்பிக்கலாம் என்றும் சொன்னான். ஒருவழியாகப் பெட்டியின் சீலை உடைத்தேன்.

உண்மையைச் சொன்னால் அந்த முதல் சில வாரங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தன. ஆனால் கணக்கு அப்போதுதான் புரிந்தது. ஐந்தாம் லெவலில் மூன்றாம் லெவல் ஸ்லாட் (அந்த மந்திரத்தை ஒரு தடவை போடும் வாய்ப்பு) இரண்டே இரண்டு. புதிதாக எழுப்ப ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு எலும்புக்கூடு. புதுப்பிக்க மட்டும் ஒரு ஸ்லாட்டுக்கு நாலு பேர். ஆகவே ஆட்டக் கணக்கில் மூன்று நாள் ஒதுக்கினால் நாலு பேர் சேர்வார்கள், அப்புறம் தினமும் ஒரு ஸ்லாட் வாடகை. மற்ற விஸார்டுகள் ஃபயர்பால் வீசுகிற வயதில் நான் வாடகை கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு இடி: பிணங்களுக்குக் கட்டளையிட போனஸ் ஆக்ஷன், அதாவது சுற்றுக்கு ஒன்றே ஒன்றான கூடுதல் செயல், வேண்டும். ஷடார்-காயின் டெலிபோர்ட்டும் போனஸ் ஆக்ஷன். என்மேல் எதிரி பாயும் சுற்றில்தான் படைக்கும் புது உத்தரவு தேவைப்படும், இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். நான் காசு கொடுத்து வாங்கிய டெலிபோர்ட் பாதி நேரம் சும்மா கிடந்தது. ரேஸ் தரும் சலுகை ஆக்ஷனா, போனஸ் ஆக்ஷனா, எதுவும் செலவழிக்காமல் தானாக நடப்பதா என்று முதலில் பாருங்கள். நெக்ரோமேன்சருக்குத் தானாக நடப்பதுதான் லாபம்.

அடுத்தது க்ளெரிக். அவர் எங்கள் எல்லோரையும்விட மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய கேரக்டர் கெலம்வோரின் பூசாரி. கெலம்வோர் என்பவர் ரெல்ம்ஸில் செத்தவர்களின் தெய்வம். செத்தவன் செத்தவனாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம், பிணம் எழுப்புகிறவர்களை அவருடைய பூசாரிகளுக்கு ஆகவே ஆகாது. என் முதல் ஆள் பிணம் எதையும் எழுப்பாமலே செத்துப்போனதால் இந்த முரண் டேபிளுக்கு வரவே இல்லை. இப்போது வந்தது. ஒரு பாழடைந்த கோட்டையில் நாலா பக்கமும் ஜாம்பிகள் சூழ்ந்துகொண்டன. அக்கா, எழுந்த பிணங்களை விரட்டும் டர்ன் அன்டெட் போடுகிறேன் என்றார். போட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, "தம்பி, உன் ஆளுங்களும் முப்பது அடிக்குள்ளதான் நிக்கறாங்க, பாத்துக்கோ" என்றார். டர்ன் அன்டெட் உன் பிணம் என் பிணம் என்று பார்க்காது. 30 அடிக்குள் அவரைப் பார்க்கிற அல்லது கேட்கிற எல்லாப் பிணமும் விஸ்டம் சேவ் போட வேண்டும். ஐந்தாம் லெவல் க்ளெரிக்காக இருந்தால் சேலஞ்ச் ரேட்டிங் (பலத்தின் அளவு) அரை அல்லது அதற்குக் கீழே இருப்பவை தோற்றால் அங்கேயே அழிந்துபோகும். எலும்புக்கூட்டின் ரேட்டிங் கால், அதாவது 1/4. அதன் விஸ்டமோ மைனஸில் இருக்கிறது. மூன்று பொடியாகின. தப்பித்த ஒன்று கையில் வில்லோடு அக்கா பக்கத்திலேயே நின்றது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மூன்று நாள் ஸ்லாட்டுகள் அந்தத் தரையில் கிடந்தன.

அது தற்செயல் என்று விட்டிருக்கலாம். ஆனால் அதற்கு அடுத்த வாரங்களில் டிஎம்மே கதைக்குள் கையை வைத்தான். ரேவன் குவீனும் பிணம் எழுப்புவதை வெறுப்பவள்தான். பழைய பதிப்பிலேயே அவளைப் பற்றி அப்படித்தான் எழுதியிருக்கிறது. அவளுடைய ஊழியன் ஒருவன் எலும்புக்கூடுகளை மேய்த்துக்கொண்டு திரிந்தால் அவள் சும்மா இருப்பாளா என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நியாயத்தின் முடிவு, என் டெலிபோர்ட் பறிபோனது. ஒரு கனவுக் காட்சியில் ராணி வந்து திரும்ப எடுத்துக்கொண்டாள். எந்தச் சலுகைக்காகப் புத்தகம் வாங்கினேனோ அது போயிற்று. நான் கொஞ்சம் கத்திவிட்டேன். அவனும் கத்தினான். "கதைன்னா விளைவு இருக்கணும்டா" என்றான் அவன். "விளைவு வரும்னு மொதல்லயே சொல்லணும்டா" என்றேன் நான். சில ஞாயிற்றுக்கிழமைகள் நான் போகவில்லை. அந்த நாட்களில் வாட்ஸ்ஆப் குழுவில் மற்றவர்கள் டைஸ் படம் போடுவதைப் பார்க்க எவ்வளவு கசப்பாக இருந்தது என்பதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

கேரக்டர் ஷீட்டை எடுப்பதற்கு முன்னால் உங்கள் டிஎம்மிடம் இதையெல்லாம் கேட்டுவிடுங்கள், எழுத்தில் இருந்தால் இன்னும் நல்லது. இந்த உலகத்தில் பிணம் எழுப்புவது சட்டப்படி குற்றமா? ஊர் வாசலில் என் படையை எங்கே நிறுத்துவது? கூட்டத்தில் யாராவது க்ளெரிக்கோ, சத்திய வீரரான பாலடினோ இருக்கிறார்களா, அவர்கள் தெய்வம் எது? நான் எடுக்கும் ரேஸுக்கென்று ஒரு தெய்வம் இருந்தால் அது பிணங்களைப் பற்றி என்ன நினைக்கிறது? பதில் உலகத்துக்கு உலகம் மாறும். எபெரான் என்ற இன்னொரு ஆட்ட உலகத்தில் கார்னாத் என்று ஒரு நாடு உண்டு, கடைசிப் பெரும்போரில் எலும்புக்கூட்டுப் படைகளை அரசாங்கமே களத்தில் இறக்கியது. அங்கே ஒரு கார்னாத் மனிதன் நெக்ரோமேன்சராக இருப்பதில் யாருக்கும் வியப்பில்லை. அதே எபெரானில் ஏரனால் தீவின் எல்ஃபுகள் தங்கள் முன்னோரை அழியாமல் வைத்து வணங்குகிறவர்கள், ஆனால் நாம் செய்கிற மாதிரிப் பிணம் எழுப்புவது அவர்களுக்குப் பெரும் பாவம். ஒரே ரேஸ், ஒரே மந்திரம், எந்த மண்ணில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தலைகீழாகிவிடும். தோற்றத்தில் சாவோடு நெருக்கமாக இருக்கும் ரேஸ்தான் நெக்ரோமேன்சருக்குப் பொருத்தம் என்று தோன்றும். பல சமயம் அவர்கள்தான் சாவை மிகவும் மதிக்கிறவர்கள், அதனாலேயே நம் தொழிலுக்கு முதல் எதிரி.

அக்காதான் ஃபோன் பண்ணி வரச்சொன்னார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, முதலிலேயே நடத்தியிருக்க வேண்டிய ஸெஷன் ஜீரோவை, அதாவது ஆட்டத்துக்கு முன் எல்லாம் பேசி முடிவுசெய்யும் கூட்டத்தை, அன்று நடத்தினோம். ஒப்பந்தம் எளிது. எங்களைக் கொல்ல வந்து செத்தவர்களின் எலும்பை மட்டும் எடுப்பேன், ஊர்ச் சுடுகாட்டைத் தொடமாட்டேன். பதிலுக்கு அக்கா டர்ன் அன்டெட் போடுவதற்கு முந்தைய சுற்றிலேயே குரல் கொடுப்பார், நான் படையைத் தள்ளி நிறுத்திக்கொள்வேன். வேலை முடிந்ததும் அந்த எலும்புகளுக்கு அவர் கையால் மரியாதையாக அடக்கம். கெலம்வோர் ஒப்புக்கொள்வாரா என்று டிஎம் இழுத்தான். "அது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம்" என்றார் அக்கா.

ஷடார்-காயை விட்டுவிட்டு நான் எடுத்த மூன்றாவது ஆள் ஃபாரஸ்ட் நோம் (குள்ளமான ஓர் இனம்), ஆறாம் லெவல். இதைக் கையேடுகளும் நல்லது என்றுதான் சொல்கின்றன, +2 இன்டெலிஜென்ஸ் இருப்பதால். நான் எடுத்தது அதற்காக அல்ல. டார்க்விஷன் இருக்கிறது, மைனர் இல்யூஷன் கேன்ட்ரிப் இலவசம், எல்லாவற்றுக்கும் மேல் நோம் கன்னிங். மந்திரத்துக்கு எதிரான இன்டெலிஜென்ஸ், விஸ்டம், கரிஸ்மா சேவ் எல்லாவற்றுக்கும் இரண்டு டைஸ் உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளலாம். எந்த ஆக்ஷனும் செலவில்லை, தானாக நடக்கும். இதன் அருமை மூளை தின்னும் ஒரு மைண்ட் ஃப்ளேயரிடம் மாட்டியபோது தெரிந்தது. அதன் மைண்ட் பிளாஸ்ட்டுக்கு இன்டெலிஜென்ஸ் சேவில் 15 வேண்டும், தோற்றால் ஸ்டன், அதாவது எதுவும் செய்ய முடியாது. ஃபைட்டர், ரோக், அக்கா மூவரும் அப்படியே நின்றுவிட்டார்கள். என் முதல் டைஸ் 3, இரண்டாவது 12. என் சேவுக்கான 7ஐக் கூட்டினால் 19. அந்த 12 இல்லாவிட்டால் அன்று நால்வர் மூளையும் அதற்கு விருந்து. பின்னால் நிறுத்தியிருந்த நாலு எலும்புக்கூடுகளும் அம்பு விட்டுக்கொண்டே இருந்தன. ஒரு தடவை உத்தரவு கொடுத்துவிட்டால் முடிகிற வரை செய்துகொண்டிருக்கும், ஒவ்வொரு சுற்றும் சொல்லிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆறாம் லெவலில் அன்டெட் த்ரால்ஸ் என்ற நெக்ரோமேன்சர் சலுகை வந்துவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் 13க்குப் பதில் 19 ஹிட் பாயின்ட், அம்பு பட்டால் கூட மூன்று சேதம். அந்த லெவலில் அனிமேட் டெட்டும் இலவசமாகவே ஸ்பெல்புக்கில் சேர்ந்துவிடும், ஐந்தாம் லெவலில் அதையே எடுத்துவிட்டால் அந்த இலவசம் வீண். ஒரு லெவல் பொறுக்க முடிகிறவர்கள் பொறுக்கலாம். என்னால் முடிந்திருக்காது.

நோமுக்குக் குறை இல்லாமல் இல்லை. 25 அடிதான் நடப்பான், எலும்புக்கூடு 30 அடி. ஓடித் தப்பிக்கும்போது என் படை என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடும். எலும்புக்கூட்டின் தோளில் ஏறிக்கொள்ளலாமா என்று டிஎம்மிடம் கேட்டேன். சவாரி விதியைப் படித்து, உடலமைப்பு அதற்குத் தோதாக இருக்க வேண்டும் என்ற வரியைக் காட்டி மறுத்துவிட்டான். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

மற்ற ரேஸ்கள் பற்றி, எங்கள் டேபிளிலும் நண்பர்களின் டேபிளிலும் பார்த்ததை வைத்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹில் ட்வார்ஃபைக் கையேடுகள் மதிப்பதே இல்லை. லெவலுக்கு ஒரு ஹிட் பாயின்ட் கூட, விஷத்துக்கு எதிர்ப்பு, +2 கான்ஸ்டிட்யூஷன், டார்க்விஷன். என் முதல் ஆள் மட்டும் ஹில் ட்வார்ஃபாக இருந்திருந்தால் அந்த நிலவறையிலிருந்து வெளியே வந்திருப்பான் என்றே நினைக்கிறேன். மவுன்டன் ட்வார்ஃபுக்கு மீடியம் ஆர்மர் போட வரும், கவசம் போட்ட விஸார்ட் என்பது கேலியாகத் தோன்றினாலும் சாகமாட்டான். தேவ வம்சத்து ஆஸிமாரின் நெக்ராட்டிக் எதிர்ப்பைப் பார்த்து மயங்க வேண்டாம், நெக்ரோமேன்சருக்குப் பத்தாம் லெவலில் அது எப்படியும் வந்துவிடும். ஷடார்-காய்க்கும் அதே கதைதான். பாதாள எல்ஃபான ட்ரோவுக்கு வெயிலில் அட்டாக் ரோல் (அடி படுமா என்று உருட்டுவது) படுத்தும். பேய் வம்சத்து டீஃப்ளிங் நல்ல தேர்வு, ஆனால் ஊர் ஏற்கெனவே கொம்பைப் பார்த்துப் பயந்திருக்கும்போது பின்னால் எலும்புக்கூடும் வந்தால் பேச்சுவார்த்தைக்கே இடமிருக்காது. ரேவன்லாஃப்ட் புத்தகத்தில் வரும் ரீபார்ன், பாதி செத்தவன். கதைக்கு அருமை, பூசாரி இருக்கும் கூட்டத்தில் தினமும் சண்டை. ஊரில் படையோடு நடக்கவே முடியாது என்றால் டாஷாஸில் வரும் சம்மன் அன்டெட் இருக்கிறது. தேவைப்படும்போது அழைத்து, வேலை முடிந்ததும் மறைந்துபோகும். கான்சன்ட்ரேஷன் (கலையாத கவனம்) வேண்டும், 300 தங்கக்காசு பெறும் மண்டையோடும் வேண்டும்.

ரேஸ் எதுவானாலும் டேபிளில் இருப்பவர்களின் பொறுமை இன்னொரு கணக்கு. நாலு எலும்புக்கூடும் தனித்தனியாக டைஸ் உருட்டினால் என் ஒரு முறைக்கே மற்றவர்கள் டீ போட்டுக் குடித்துவிட்டு வந்துவிடலாம். நாலு ஒரே நிற டைஸை ஒன்றாக வீசிவிட்டு, சேதத்துக்கு உருட்டாமல் சராசரி 5ஐ எடுத்துக்கொள்கிறேன், த்ரால்ஸோடு சேர்த்து 8. அம்பும் வில்லும் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்டுவிடுங்கள். எங்கள் டிஎம் பிணத்தின் கையில் என்ன இருந்ததோ அதுதான் என்கிறான், அதனால் ஊருக்கு ஊர் அம்பு வாங்குகிறேன், 20 அம்பு ஒரு தங்கக்காசு.

காசு விஷயத்தில் ஒரு வார்த்தை. ஹை எல்ஃப், ஹில் ட்வார்ஃப், ராக் நோம், டீஃப்ளிங் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் எஸ்ஆர்டி 5.1 என்ற அடிப்படை விதித் தொகுப்பிலேயே இருக்கின்றன, அனிமேட் டெட்டும் இருக்கிறது. நெக்ரோமன்ஸி ஸ்கூல் என்ற விஸார்ட் பிரிவுக்கு மட்டும்தான் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வேண்டும். அதை டேபிளில் ஒருவர் வைத்திருந்தால் போதும். ஒரே ஒரு ரேஸுக்காக ஒரு முழுப் புத்தகம் வாங்கும் முன் அந்த ரேஸை டிஎம் அனுமதிப்பானா, எந்த நிபந்தனையில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2024 ஹேண்ட்புக்குக்கு மாறிவிட்டவர்களுக்குப் பாதிக் கவலை குறைவு, இன்டெலிஜென்ஸ் பாயின்ட் அங்கே ரேஸிலிருந்து வருவதில்லை, பேக்ரவுண்டிலிருந்து வருகிறது. ஆனால் அந்தப் புத்தகத்தின் நான்கு விஸார்ட் பிரிவுகளில் நெக்ரோமேன்சர் இல்லை, அதனால் நாங்கள் பழையதிலேயே இருக்கிறோம். அங்கே நோம் 30 அடி நடக்கிறானாம். அந்த ஒரு வரியை மட்டும் இங்கே கொண்டுவர விடுவானா என்று டிஎம்மிடம் கேட்டிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.